ஃபாரா, சின்ஸா, பையா, வித்தினா? ஆங்கிலத்தில் கால அளவைச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார், சின்ஸ், டியூரிங், இன், வித்தின், பை, அன்டில், அகோ. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட இந்தச் சின்னச் சொற்களில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் இவற்றை வாய்பாடு மாதிரி மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அந்த வழியில் உடன்பாடில்லை. ‘ஆக’, ‘இருந்து’, ‘வரை’, ‘உள்’, ‘முன்’, ‘கழித்து’ என்று தமிழில் நாம் தினமும் பிழையில்லாமல் சொல்லும் சொற்கள், பாதி வேலையை ஏற்கெனவே முடித்துவைத்திருக்கின்றன. தமிழ் ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கிலம் எந்த இடத்தில் இரண்டாகப் பிரிக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் மீதி வேலை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காது பழகினால் பாதிப் பிழை தானாகக் குறையும்.

ஃபார் எங்கே வரும், சின்ஸ் எங்கே வரும்?

சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஐந்து வருஷமாக, மூன்று நாளாக, ரொம்ப நேரமாக என்று ‘ஆக’ வந்தால் ஆங்கிலத்தில் ஃபார். 2019இலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து, சின்ன வயசிலிருந்து என்று ‘இருந்து’ வந்தால் சின்ஸ். ஃபாருக்குப் பின்னால் காலத்தின் நீளம் வரும். சின்ஸுக்குப் பின்னால் அது தொடங்கிய இடம் வரும். “ஃபார் ஃபைவ் இயர்ஸ்”, “சின்ஸ் 2019”.

அப்படியானால் “சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்” எங்கிருந்து வந்தது? இந்தியில் ‘பாஞ்ச் சால் ஸே’ என்றாலும் ‘2019 ஸே’ என்றாலும் அதே ‘ஸே’தான். நீளத்துக்கும் தொடக்கத்துக்கும் ஒரே சொல் என்பதால், இந்தி பேசுகிறவர்கள் இரண்டுக்கும் சின்ஸ் போடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நமக்கு அந்தக் காரணம் கிடையாது. ‘ஐந்து வருஷத்திலிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. அலுவலகத்தில் நாலு பேர் சொல்லிக் கேட்டுக் கேட்டு நாமும் பிடித்துக்கொண்ட பழக்கம்தான் அது. தமிழை நம்பினால் விட்டுவிடலாம்.

ஃபார் சரியாகப் போட்டும் “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” தவறு என்கிறார்களே?

தவறுதான். தமிழர்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஃபாரா சின்ஸா என்பதில் இல்லை.

‘ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பதில் வினை நிகழ்காலம். கழிந்துபோன ஐந்து வருஷத்தை ‘ஆக’ மட்டுமே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது போதாது. முன்பே தொடங்கி இன்றுவரை நீள்கிறது என்பதை வினையும் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஹேவ், ஹேஸ். “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்றால் சரி. “ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்றாலும் சரி. “ஐ ஆம் வொர்க்கிங்” என்று தொடங்கினால், ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வந்திருக்கிறீர்கள் போல என்று கேட்பவர் நினைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் கழிந்த ஐந்து வருஷத்தைச் சொல்ல, அவர் வரப்போகும் ஐந்து வருஷத்தைக் கேட்கிறார்.

சின்ஸுக்கும் இதே விதிதான். “ஐ ஆம் ஹியர் சின்ஸ் மண்டே” இல்லை. “ஐ ஹேவ் பீன் ஹியர் சின்ஸ் மண்டே”. சென்னை மெட்ரோ 2015இலிருந்து ஓடுகிறது: “தி சென்னை மெட்ரோ ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 2015”.

ஒரு கிளை விஷயம். தெரியும், பிடிக்கும், சொந்தமாக இருக்கிறது என்று ஒரு நிலையைச் சொல்லும் வினைகளுக்கு வழக்கமாக ‘இங்’ சேர்ப்பதில்லை. ‘பத்து வருஷமாக அவரைத் தெரியும்’ என்பதற்கு “ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்”. “ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் டென் இயர்ஸ்” என்று சொன்னால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை: வினை ஒன்று, சின்ஸ் ஒன்று.

பழைய கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். அதற்கும் ஹேவ் போடலாமா?

போடக்கூடாது. முடிந்துபோன காலத்துக்குச் சாதாரண இறந்தகாலம் போதும்: “ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்”. ஃபார் இரண்டுக்கும் பொது; வினைதான் முடிந்ததா, தொடர்கிறதா என்று சொல்கிறது.

பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் ராணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் பட்டத்துக்கு வந்தார், 2022 செப்டம்பரில் மறைந்தார். 2021இல் அவரைப் பற்றி எழுதியவர் “ஷி ஹேஸ் ரெய்ன்ட் சின்ஸ் 1952” என்று எழுதியிருப்பார். இன்று அதே செய்தியை “ஷி ரெய்ன்ட் ஃபார் செவன்ட்டி இயர்ஸ்” என்றோ “ஷி ரெய்ன்ட் ஃப்ரம் 1952 டு 2022” என்றோதான் எழுத முடியும். ஹேஸ் போய்விட்டது, சின்ஸும் போய்விட்டது. அவர் மகன் சார்லஸுக்கு இப்போது “ஹி ஹேஸ் பீன் கிங் சின்ஸ் 2022”.

வேலை நேர்காணலில் இது முக்கியம். இப்போதும் அதே வேலையில் இருப்பவர் “ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்” என்று சொன்னால், வேலையை விட்டுவிட்டார் என்று எதிரில் இருப்பவர் குறித்துக்கொள்வார். அடுத்த கேள்வி ‘ஏன் விட்டீர்கள்’ என்று வரும்போதுதான் நமக்குக் குழப்பம் புரியும். விசா நேர்காணலிலும் இதே கதைதான்.

“பிஃபோர் த்ரீ இயர்ஸ் ஐ ஜாயின்ட்” என்று சொன்னால் ஏன் திருத்துகிறார்கள்?

இது அப்படியே தமிழிலிருந்து வருகிற பிழை. ‘மூன்று வருஷத்துக்கு முன்’ என்று நாம் சொல்கிறோம், முன் என்றால் பிஃபோர் என்று படித்திருக்கிறோம், இரண்டையும் சேர்த்துவிடுகிறோம். ஆனால் இன்றைய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது ஆங்கிலத்தில் அகோதான் வரும், அதுவும் கால அளவுக்குப் பின்னால்: “ஐ ஜாயின்ட் த்ரீ இயர்ஸ் அகோ”. ‘கடந்து போன’ என்ற பொருளுள்ள ஒரு பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் அது. ‘மூன்று வருஷம் கடந்து’ என்று நினைத்துக்கொண்டால், ஏன் பின்னால் நிற்கிறது என்பது பிடிபடும்.

பிஃபோர் எப்போது? ஒரு நிகழ்ச்சியோ தேதியோ நேரமோ பின்னால் வரும்போது: “பிஃபோர் தி எக்ஸாம்”, “பிஃபோர் ஃபைவ் ஓ க்ளாக்”. கடந்த காலத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அதற்கும் முன்னால் எண்ணும்போதும் பிஃபோர் வரும். ‘2020இல் அவரைச் சந்தித்தேன். அதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் வேலையை விட்டிருந்தார்’: “ஐ மெட் ஹிம் இன் 2020. ஹி ஹேட் லெஃப்ட் தி ஜாப் த்ரீ இயர்ஸ் பிஃபோர்”. இங்கே அகோ போட்டால் கணக்கு இன்றிலிருந்து தொடங்கிவிடும்.

இன்னொன்று: அகோ வந்தால் ஹேவ் வராது. “ஐ ஹேவ் ஜாயின்ட் த்ரீ இயர்ஸ் அகோ” தவறு.

‘கல்யாணம் ஆகி பத்து வருஷம் ஆகிறது’ என்பதை எப்படிச் சொல்வது?

கல்யாணம் ஒரு நாளில் முடிகிற காரியம். வேலையில் சேர்வது, வீடு வாங்குவது, ஊரைவிட்டுப் போவது, இறந்துபோவது எல்லாமே அப்படித்தான். நடந்தது ஒரு கணம், அதன் பிறகு நீள்வது ஒரு நிலை. அந்தக் கணத்தின் வினையோடு ஃபார் டென் இயர்ஸ் ஒட்டாது. “ஐ ஹேவ் காட் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்” என்றால் பத்து வருஷமாகத் தாலி கட்டிக்கொண்டே இருப்பதாக அர்த்தமாகும்.

மூன்று வழி இருக்கிறது. நிலையைச் சொல்லலாம்: “ஐ ஹேவ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்”. கணத்தைச் சொல்லலாம்: “ஐ காட் மேரிட் டென் இயர்ஸ் அகோ”. தமிழ் வாக்கியத்தின் நடைக்கு மிக நெருக்கமானது மூன்றாவது: “இட்ஸ் பீன் டென் இயர்ஸ் சின்ஸ் ஐ காட் மேரிட்”. ‘ஆகி… ஆகிறது’, ‘சேர்ந்து… ஆச்சு’ என்று மனதில் வரும் எதையும் இந்த மூன்றாவது அச்சில் வார்த்துவிடலாம். ‘ஊருக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு’ என்றால் “இட்ஸ் பீன் டூ இயர்ஸ் சின்ஸ் ஐ வென்ட் ஹோம்”. எனக்குப் பிடித்த வழி இதுதான். நாம் நினைக்கிற வரிசையைக் கிட்டத்தட்ட அப்படியே தலைகீழாக வைத்தால் வாக்கியம் வந்துவிடுகிறது.

‘பத்து நிமிஷத்தில் வருகிறேன்’ என்பதற்கு இன்னா, ஆஃப்டரா, வித்தினா?

இந்த நிமிஷத்திலிருந்து எண்ணினால் இன்: “ஐ வில் கால் யூ இன் டென் மினிட்ஸ்”, பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுகிறேன். நம்மூரில் “ஆஃப்டர் டென் மினிட்ஸ்” என்கிறோம். புரியாமல் போகாது, ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இங்கே இயல்பாகச் சொல்வது இன்தான். கடந்த காலக் கதையில் ஆஃப்டர் வரும்: “ஆஃப்டர் டென் மினிட்ஸ் ஹி காட் அப் அண்ட் லெஃப்ட்”. அங்கே லேட்டரும் நன்றாகப் பொருந்தும்: “டென் மினிட்ஸ் லேட்டர்”.

வித்தின் என்றால் ‘பத்து நிமிஷத்துக்குள்’. இரண்டாவது நிமிஷத்தில் வந்தாலும் சரி, ஒன்பதாவது நிமிஷத்தில் வந்தாலும் சரி. வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும்போது இந்த வேறுபாடு தெரிந்து எழுத வேண்டும். “இன் டூ டேஸ்” என்றால் இரண்டாம் நாள் வரும் என்று எதிர்பார்ப்பார்; “வித்தின் டூ டேஸ்” என்றால் நாளைக்கே எதிர்பார்க்கலாம்.

இன்னுக்கு இன்னொரு வேலை உண்டு: ஒரு காரியத்தை முடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று சொல்வது. சந்திரயான்-3 விண்கலம் 2023 ஜூலை 14இல் கிளம்பி ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கியது. “இட் ரீச்ட் தி மூன் இன் ஃபார்ட்டி டேஸ்”. போய்ச் சேர்ந்துவிட்டது, காரியம் முடிந்தது, அதனால் இன். நாற்பது நாளாகப் பயணம் செய்தது என்றால் “இட் டிராவல்ட் ஃபார் ஃபார்ட்டி டேஸ்”. “ஐ ரெட் தி புக் இன் டூ டேஸ்” என்றால் புத்தகம் முடிந்தது. “ஐ ரெட் தி புக் ஃபார் டூ டேஸ்” என்றால் இரண்டு நாள் படித்தேன், முடித்தேனா என்று தெரியாது. ‘இரண்டு நாளில் படித்தேன்’, ‘இரண்டு நாள் படித்தேன்’ என்று தமிழிலும் இதே வேறுபாடு இருக்கிறது. ‘இல்’ வந்தால் இன்.

“வித்தின் ஃபைவ் ஓ க்ளாக்” என்று மெயில் போட்டேன். தவறா?

தவறு. தமிழில் ‘ஐந்து நாளுக்குள்’, ‘ஐந்து மணிக்குள்’ இரண்டுக்கும் ‘உள்’தான். ஆங்கிலம் இங்கே பிரிக்கிறது. அளவு வந்தால் வித்தின்: “வித்தின் ஃபைவ் டேஸ்”. கடிகார நேரமோ தேதியோ கிழமையோ வந்தால் பை: “பை ஃபைவ் ஓ க்ளாக்”, “பை ஃப்ரைடே”, “பை தி ஃபிஃப்டீன்த்”. ஃபார், சின்ஸ் மாதிரியே இதுவும் நீளமா, புள்ளியா என்ற அதே கேள்விதான்.

“பை ஃப்ரைடே” என்றால் வெள்ளிக்கிழமை சேர்த்தியா? சாதாரணப் பேச்சில் சேர்த்திதான். வெள்ளிக்கு முன்பே வேண்டுமென்றால் “பிஃபோர் ஃப்ரைடே” என்று எழுதுங்கள்.

பை, அன்டில் இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறதே?

‘க்குள்’ என்றால் பை, ‘வரை’ என்றால் அன்டில். அன்டிலுக்கு முன்னால் நீண்டுகொண்டே போகும் ஒரு செயல் இருக்கும். பைக்கு முன்னால் ஒரு தடவை நடந்து முடியும் செயல் இருக்கும். “ஐ வில் வெயிட் அன்டில் ஃபைவ்”, ஐந்து மணி வரை காத்திருப்பேன். “ஐ வில் ஃபினிஷ் பை ஃபைவ்”, ஐந்து மணிக்குள் முடிப்பேன். “ஃபினிஷ் திஸ் அன்டில் ஃபைவ்” என்று எழுதினால் படிப்பவர் விழிப்பார்.

டில், அன்டில் இரண்டும் ஒன்றே. டில் பேச்சுக்கு நெருக்கம், அவ்வளவுதான்.

1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடியது: “டிரெயின்ஸ் ரேன் ஆன் தி ஓல்ட் பாம்பன் பிரிட்ஜ் அன்டில் 2022”. தொடக்கமும் முடிவும் சேர்ந்தே சொல்வதானால் “ஃப்ரம் 1914 டு 2022”. இங்கே சின்ஸ் வராது. சின்ஸ் இன்றுவரை, அல்லது பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரம்வரை, தொடர்வதற்கு மட்டும்தான்.

“ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே” என்று போட்டால் வெள்ளிக்கிழமை வேலைக்கு வருவீர்களா, மாட்டீர்களா? ஆங்கிலேயர்களுக்கே இதில் சந்தேகம் வரும். திரும்பி வரும் நாளை எழுதிவிடுவது நல்லது: “ஐ வில் பி பேக் ஆன் மண்டே”. அமெரிக்கர்கள் “மண்டே த்ரூ ஃப்ரைடே” என்பார்கள். அதில் வெள்ளியும் அடக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. பிரிட்டனில் “மண்டே டு ஃப்ரைடே”.

“ஃப்ரம் பாஸ்ட் டூ இயர்ஸ்”, “சின்ஸ் லாஸ்ட் டூ இயர்ஸ்” எல்லோரும் சொல்கிறார்களே, ஏற்றுக்கொள்ளலாமா?

ரெஸ்யூமிலும் மெயிலிலும் வேண்டாம். கடந்த இரண்டு வருஷமாக என்பதற்கு “ஃபார் தி பாஸ்ட் டூ இயர்ஸ்” அல்லது “ஃபார் தி லாஸ்ட் டூ இயர்ஸ்”. ‘தி’யை விடாதீர்கள். அந்தக் காலத்தில் ஏதோ படிப்படியாக மாறியது என்றால் ஓவர் அழகாக இருக்கும்: “பிரைசஸ் ஹேவ் ரிசன் ஓவர் தி பாஸ்ட் டூ இயர்ஸ்”.

ஃப்ரம் வருங்காலத்துக்குப் பொருந்தும். ‘நேற்றிலிருந்து காய்ச்சல்’, ‘நாளையிலிருந்து லீவு’ இரண்டிலும் ‘இருந்து’ இருக்கிறது, ஆங்கிலம் பிரிக்கிறது. நேற்றிலிருந்து இன்றுவரை என்பதால் “சின்ஸ் எஸ்டர்டே”. நாளை இனிமேல்தான் வரும் என்பதால் “ஃப்ரம் டுமாரோ”. சின்ஸ் ஒருபோதும் முன்னோக்கிப் பார்க்காது.

டியூரிங்குக்கும் ஃபாருக்கும் என்ன வேறுபாடு?

டியூரிங் ‘எப்போது’ என்பதற்குப் பதில். ஃபார் ‘எவ்வளவு நேரம்’ என்பதற்குப் பதில். “டியூரிங் தி மீட்டிங்”, “டியூரிங் தி செகண்ட் வேர்ல்ட் வார்” என்று பெயர் உள்ள ஒரு காலமோ நிகழ்ச்சியோ வரும். எண் வந்தால் ஃபார். “டியூரிங் த்ரீ அவர்ஸ்” வேண்டாம். பின்னால் முழு வாக்கியமே வந்தால் வைல்: ‘நான் சமைக்கும்போது போன் வந்தது’ என்பதற்கு “வைல் ஐ வாஸ் குக்கிங்”. ஆரம்பம் முதல் முடிவு வரை விடாமல் என்று அழுத்த வேண்டுமானால் த்ரூஅவுட்: “ஹி ஸ்லெப்ட் த்ரூஅவுட் தி மீட்டிங்”.

‘எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள்?’ என்று எப்படிக் கேட்பது?

“ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?” இதைக் கேட்கிறோம் என்று நினைத்து “ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?” என்று கேட்பவர்கள் உண்டு. அதன் பொருள் வேறு: மொத்தம் எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள். வெளிநாட்டு விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். “டூ டேஸ்” என்று பதில் சொன்னால் இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று ஆகிவிடும்.

‘ரெண்டு மணி நேரம் ஆகும்’?

ஒருவர் ஒரு காரியம் செய்யப் பிடிக்கும் நேரம் என்றால் டேக்: “இட் டேக்ஸ் டூ அவர்ஸ் டு ரீச் தி ஆஃபீஸ்”. ஒரு நிகழ்ச்சி தானாக நீடிக்கும் நேரம் என்றால் லாஸ்ட்: “தி மீட்டிங் லாஸ்டட் டூ அவர்ஸ்”.

ரெஸ்யூமில் “ஃபைவ் இயர் எக்ஸ்பீரியன்ஸ்” என்று எழுதலாமா?

“ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்” என்று எழுதுங்கள், குழப்பமே இல்லை. ‘ஆஃப்’ இல்லாமல் எழுதினால் இயர்ஸின் கடைசி எஸ்ஸுக்குப் பின்னால் அபாஸ்ட்ரஃபி (’) போட வேண்டும், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். சிறுகோடு போட்டு இன்னொரு சொல்லுக்கு அடைமொழியாக்கும்போது எஸ் போய்விடும்: “எ ஃபைவ்-இயர் கான்ட்ராக்ட்”, “எ டென்-மினிட் பிரேக்”. “டென்-மினிட்ஸ் பிரேக்” என்று சிறுகோட்டோடு எழுதுவது தவறு.

ஒன்றரை மணி நேரம், பத்து நிமிஷம் — ஒருமையா பன்மையா?

ஒன்றரை என்பது ஒன்றைத் தாண்டிவிட்டதால் பெயர்ச்சொல் பன்மை: “ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்”. பேச்சில் “ஆன் அவர் அண்ட் எ ஹாஃப்” இன்னும் இயல்பு. ஆனால் வினை வேறு கணக்கு. பத்து நிமிஷத்தை ஒரே துண்டாகப் பார்ப்பதால் “டென் மினிட்ஸ் இஸ் இனஃப்” என்று ஒருமையில் வரும்.

இரண்டு வாரத்துக்கு ஃபோர்ட்நைட் என்று சொல்லலாமா?

பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆட்களிடம் தாராளமாகச் சொல்லலாம். பதினான்கு இரவு என்பதன் சுருக்கம் அது. அமெரிக்கர்களுக்குப் புழக்கத்தில் இல்லாத சொல். அவர்களுக்கு “டூ வீக்ஸ்”. பைவீக்லி என்ற சொல்லை மட்டும் தொடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை என்றும் பொருள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றும் பொருள். “எவ்ரி டூ வீக்ஸ்” அல்லது “ட்வைஸ் எ வீக்” என்று விரித்தே எழுதுங்கள். ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்பதற்கு “எவ்ரி அதர் டே”.